மாறியது மாணவரா, வார்டா? சிங்கப்பூரில் மருத்துவம் பயிலும் தலைமுறைகள்

கடந்த தீபாவளியன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. பெரியப்பா 1960களில் ஊட்ரம் வளாகத்தில் மருத்துவம் படித்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொழில் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்தி இப்போது மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபோது பெரியப்பா சொன்னார்: “நாங்க நோயாளியைத் தொட்டுப் படிச்சோம்மா. நீங்க திரையைத் தொட்டுப் படிக்கிறீங்க.” பேத்தி கோபித்துக்கொள்ளவில்லை. “தொடறதுக்கு நோயாளி வார்டுல இருக்கணுமே தாத்தா. காலையில வர்றவங்க பல பேர் சாயங்காலமே வீட்டுக்குப் போயிடறாங்க,” என்றாள்.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே மாற்றத்துக்குத் தரப்படும் இரண்டு விளக்கங்கள். தாத்தாவின் விளக்கம் ஆளைப் பார்க்கிறது: இக்காலப் பிள்ளைகள் இப்படித்தான், கைபேசியோடு வளர்ந்தவர்கள், பொறுமை குறைவு. பேத்தியின் விளக்கம் இடத்தைப் பார்க்கிறது: கற்றுக்கொள்ளும் களமே வேறாகிவிட்டது. மருத்துவக் கல்வியில் தலைமுறை இடைவெளியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் விளக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன்; ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் மருத்துவக் கல்வி, சமூகத்தினர் கேட்டுப் பெற்ற ஒன்று. 1904இல் டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர் வணிகர்கள் மருத்துவப் பள்ளி வேண்டுமென்று மனு கொடுத்தார்கள்; மனுவோடு நிற்காமல் 87,077 வெள்ளியும் திரட்டிக் கொடுத்தார்கள். 1905இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில், முன்பு மனநோயாளிப் பெண்களுக்கான காப்பகமாக இருந்த கட்டடத்தில், 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு இருந்ததால் அந்த இடத்துக்கு வந்த பெயர் அது. 1910இல் முதல் ஏழு பேர் தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள். பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயரில் கல்லூரியாகி, 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாகி, இன்று தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியாக இருப்பது அதே வேரிலிருந்து வந்த மரம்தான்.

அந்தப் பள்ளியில் மாணவர் கற்ற முறையைப் புரிந்துகொள்ள, அக்காலத்து நோயாளியைப் புரிந்துகொள்ள வேண்டும். காசநோயோ குடற்காய்ச்சலோ கண்டவர் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வார்டில் கிடந்தார். மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கட்டிலில் இருந்தவரை அவர் நாள்தோறும் பார்க்க முடிந்தது. திங்கட்கிழமை நுரையீரலில் கேட்ட ஒலி வெள்ளிக்கிழமை எப்படி மாறியிருந்தது என்பது அவர் காதுக்கே தெரிந்தது. நோயின் நடை அவருக்குப் பழக்கமானது. நூலகத்தில் புத்தகங்கள் சிலவே. பேராசிரியர் சொன்னதுதான் கடைசிச் சொல். எனவே அவரைப் பின்தொடர்ந்து வார்டைச் சுற்றி வருவதே பாடத்திட்டத்தின் நடுநாயகமாக இருந்தது.

அந்தச் சுற்றில் பயமும் இருந்தது. பத்துப் பேர் முன்னிலையில், நோயாளியும் தாதியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நின்ற அனுபவம் பெரியப்பாவின் தலைமுறையில் எல்லோருக்கும் உண்டு. அவமானப்பட்ட அன்று படித்தது சாகும்வரை மறக்காது என்று அவர் இன்றும் சொல்வார். மறக்காதது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த அவமானத்தைத் தாங்காமல் வாய் திறப்பதையே விட்டுவிட்டவர்களும், சந்தேகம் வந்தபோது மூத்தவரிடம் கேட்க அஞ்சியவர்களும் அந்த வகுப்புகளில் இருந்தார்கள். சந்தேகத்தைக் கேட்க அஞ்சும் மருத்துவரால் நோயாளிக்கு ஆபத்து. பழைய முறையைப் போற்றும்போது இந்தப் பகுதியை நாம் மறைக்கக் கூடாது.

மூத்த தலைமுறை தொழில்நுட்பத்துக்கு எதிரானது என்ற எண்ணமும் நிற்காது. இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய எஸ். எஸ். ரத்னத்தின் தலைமையில்தான் தென்கிழக்கு ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் இங்கே பிறந்தது. அப்போது அவர் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தார். தாம் மாணவராக இருந்தபோது எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒன்றை அந்த வயதில் கற்று, செய்து, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அதே போல, 1987இல் பிரான்சில் பிலிப் மூரே சிறுதுளை வழியாகக் கருவியும் கேமராவும் செலுத்திப் பித்தப்பையை அகற்றிய பிறகு, அந்த முறை சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. இருபது ஆண்டுகளாக வயிற்றைத் திறந்து கையால் தொட்டு அறுவை செய்தவர்கள், திடீரென்று கையை வெளியே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. திரையைப் பார்த்து மருத்துவம் செய்வது இக்கால மாணவர்கள் கண்டுபிடித்த பழக்கம் இல்லை.

அந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பித்தநாளக் காயங்கள் பல நாடுகளில் கூடின. காரணம் எளிது: புதிய முறையைப் பழக வேறு இடம் இல்லாததால், பழகியதும் நோயாளியின் உடலிலேதான். ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு’ என்று அறுவைத் துறையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வழக்கு அத்தோடு கேள்விக்குள்ளானது. ரப்பர் தோலில் தையல் போடுவது, மூச்சு விடும் பொம்மையில் குழாய் செருகுவது, மெய்நிகர் திரையில் கருவியைத் திருப்பிப் பழகுவது ஆகியவை மருத்துவப் பள்ளிகளுக்குள் நுழைந்ததற்கு இளையோரின் ரசனை காரணமே இல்லை. முதல் பத்துத் தவறுகளை உயிருள்ளவர் மீது செய்யக் கூடாது என்ற முடிவுதான் காரணம். அந்த முடிவை எடுத்தவர்கள் மூத்தவர்கள்.

பாடம் நடத்தும் முறையும் இப்படித்தான் மாறியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் விரிவுரையைக் குறைத்து, ஒரு நோயாளியின் பிரச்சினையை முன்வைத்து மாணவர்களைத் தேட வைத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரோனல்ட் ஹார்டன் 1975இல் ஒரு புதிய தேர்வை அறிமுகப்படுத்தினார்: மாணவர் அறை அறையாகச் சென்று, ஒவ்வோர் அறையிலும் சில நிமிடங்களில் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். ‘ஆஸ்கி’ என்று மாணவர்கள் இன்று அழைக்கும் அந்தத் தேர்வு, நல்ல பேராசிரியரிடம் மாட்டினாயா, கடுகடுப்பானவரிடம் மாட்டினாயா என்ற அதிர்ஷ்டத்தைக் குறைப்பதற்காக வந்தது. நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அந்த அறைகளில் அமர்ந்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் இரண்டு புதிய பள்ளிகள் இந்த மாற்றத்தை அடித்தளத்திலேயே வைத்துத் தொடங்கின. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான டியூக்-என்யுஎஸ் 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் சேர்ந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைத்த லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி 2013இல் 54 பேருடன் தொடங்கியது. அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஐபேட் கொடுக்கப்பட்டது. இரு பள்ளிகளிலும் குழுவழிக் கற்றலே முதன்மை. அது நடக்கும் விதத்தை விளக்கினால், பல பெற்றோருக்கு உள்ள ‘வகுப்பே நடப்பதில்லையாமே’ என்ற குழப்பம் தீரும். மாணவர் வீட்டிலேயே விரிவுரையைக் காணொளியாகப் பார்த்தோ படித்தோ வருகிறார். வகுப்பில் நுழைந்ததும் தனியாக ஒரு சிறு தேர்வு. அடுத்து அதே கேள்விகளுக்குக் குழுவாகப் பேசி மறுபடி விடை சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில்தான் உண்மையான கற்றல் நடக்கிறது: ‘நான் ஏன் ‘இ’ என்று போட்டேன் தெரியுமா’ என்று ஒருவர் விளக்கத் தொடங்கும்போது, அவருக்கே தம் பிழை தெரிகிறது. அதன் பிறகு ஆசிரியர் முன்னிலையில் ஒரு நோயாளியின் கதையை எடுத்துக்கொண்டு குழுக்கள் தங்கள் முடிவுகளைச் சொல்லி வாதிடுகின்றன.

இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரையை மட்டும் கேட்ட மாணவர்களில் 33.8 விழுக்காட்டினரும், வகுப்பில் தாமே ஈடுபட்டுக் கற்றவர்களில் 21.8 விழுக்காட்டினரும் தோல்வியடைந்தது தெரிந்தது. 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் சுமார் 40 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள்; ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் 61 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள்.

இன்றைய மாணவர்கள் கைபேசியில் வைத்திருக்கும் ‘ஆன்கி’ என்ற நினைவட்டைச் செயலி இந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்னால் அந்த அட்டை சில நாள் கழித்து வரும். தவறினால் உடனே வரும். மறக்கப் போகும் நேரத்தில் நினைவூட்டுவது அதன் வேலை. எங்கள் பேத்தி எம்ஆர்டி ரயிலில் நின்றபடி நாளுக்கு நூற்றுக்கணக்கான அட்டைகளைத் தள்ளிக்கொண்டே வருவாள். அதைப் பார்த்தால் விளையாடுகிறாள் என்றே தோன்றும். ஆனால் இதில் புதிதாக என்ன இருக்கிறது? திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன் நின்று வாய்ப்பாட்டை ஒப்பித்ததும், நேற்றுச் சொன்னதை இன்றும், போன வாரத்தியதை இந்த வாரமும் கேட்டதும் இதே வித்தைதான். பெரியப்பாவைப் பேராசிரியர் வார்டில் மடக்கிக் கேட்டதும் இதுவே. நினைவிலிருந்து இழுத்து எடுக்கும்போதுதான் நினைவு உறுதிப்படுகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறாத மனித இயல்பு. கேட்கும் வாய் மாறியிருக்கிறது. அட்டை அவமானப்படுத்துவதில்லை என்பது ஒரு பெரிய நன்மை. அட்டைக்கு முகம் இல்லை என்பது அதன் பெரிய குறை. ‘இந்த மூன்று அறிகுறிகள் சேர்ந்தால் எந்த நோய்’ என்று அது கேட்கும். வியர்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த மூன்றையும் முதலில் கண்டுபிடிப்பது எப்படி என்று அது கேட்காது.

‘மின்னிலக்கத்தில் பிறந்தவர்கள்’ என்ற சொற்றொடரை மார்க் பிரென்ஸ்கி 2001இல் பரப்பியதிலிருந்து, இளையோரின் மூளையே வேறு விதமாக வேலை செய்கிறது என்ற நம்பிக்கை பள்ளி ஆசிரியர் முதல் பேராசிரியர் வரை வேரூன்றியிருக்கிறது. கிர்ஷ்னர், டி பிரைக்கர் இருவரும் 2017இல் ஆய்வுகளை அலசி, அப்படி ஒரு தனி இனம் இருப்பதற்குச் சான்றில்லை என்றும், ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கும் திறமை இளையோருக்கு வாய்த்திருக்கிறது என்பதும் கட்டுக்கதையே என்றும் எழுதினார்கள். இருபது வயதுப் பெண் குறுஞ்செய்தியை வேகமாகத் தட்டுகிறாள் என்பதால், மின்மருத்துவப் பதிவேட்டில் பத்து ஆண்டு வரலாற்றிலிருந்து தேவையான ஒற்றை வரியைக் கண்டுபிடிக்கும் திறமை அவளுக்குத் தானாக வந்துவிடாது. அதையும் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். கைபேசி பழகியவர்தானே என்று அதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் இன்று நடக்கும் பிழைகளில் முக்கியமானது.

சரி, வார்டில் மாறியது என்ன? முதலாவது, நோயாளி தங்கும் காலம் சுருங்கிவிட்டது. பல அறுவைகள் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. வார்டில் படுக்க வேண்டியவர்களில் சிலரை வீட்டிலேயே வைத்து, தாதியும் மருத்துவரும் நேரிலும் காணொளியிலும் கவனிக்கும் ‘மிக்@ஹோம்’ திட்டம் 2024 ஏப்ரலிலிருந்து பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாகிவிட்டது. நோயாளிக்கு இது மிக நல்லது. மாணவருக்கோ, ஒரு நோய் தொடங்கி முடியும்வரை ஒரே ஆளிடம் பார்க்கும் வாய்ப்பு அரிதாகிவிட்டது. நோயின் முழுநீளப் படம் போய், துண்டுத் துண்டுக் காட்சிகளே அவருக்கு மிஞ்சுகின்றன.

இரண்டாவது, வேலை நேரம். 2010இல் அமெரிக்க முறையைப் பின்பற்றி, சிறப்பு மருத்துவராவதற்கான ‘ரெசிடென்சி’ பயிற்சி தொடங்கியபோது, பயிற்சி மருத்துவரின் வேலைக்கு வாரம் 80 மணி நேரம் என்ற உச்சவரம்பும் வந்தது. பெரியப்பாவின் காலத்தில் அப்படிக் கணக்குப் பார்த்தவர் எவருமில்லை. தூங்காமல் முப்பத்தாறு மணி நேரம் நின்றவரின் கையில் என் உறவினரை ஒப்படைக்க எனக்கு விருப்பமில்லை. எனவே இந்த வரம்பை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் மணி நேரம் குறைந்தபோது எது குறைந்தது என்று பார்க்க வேண்டும். குறைந்தது பெரும்பாலும் கட்டிலோர நேரம். அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், அவர்கள் தங்கள் நேரத்தில் 12 விழுக்காட்டை நோயாளியிடம் நேரடியாகவும், 40 விழுக்காட்டைக் கணினியிலும் செலவிட்டது தெரியவந்தது. அது அங்குள்ள கணக்கு. ஆனாலும் இங்கே எந்த வார்டிலும் காலை பதினொரு மணிக்குப் போய் நின்றால், சக்கரம் வைத்த கணினி மேசைகளைச் சுற்றித்தான் இளம் மருத்துவர்கள் நிற்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். அவர்களை அங்கே நிற்க வைத்தது பிறந்த ஆண்டு இல்லை. நிரப்ப வேண்டிய படிவங்கள்.

மூன்றாவது, தொற்று. 2003இல் சார்ஸ் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைக் கொண்டுபோனபோதும், 2020 பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்தபோதும், மாணவர்கள் வார்டுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கொவிட்-19 காலத்தில் படித்தவர்களின் கட்டிலோரப் பாடங்கள் பல ஸூம் சதுரங்களில் நடந்தன. திரையில் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. அந்த மாணவர்களைப் பார்த்து ‘திரைத் தலைமுறை’ என்று சொல்வது, மழைக்கு ஒதுங்கியவரைப் பார்த்து வெயிலுக்குப் பயந்தவர் என்று சொல்வது போன்றது.

நான்காவது ஒன்று உண்டு; அது தமிழர்களாகிய நம்மை நேரடியாகத் தொடுவது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு. அதற்குப் பத்தாண்டு முன்பு அது 3.3 விழுக்காடு. ஆங்கிலம் அதே காலத்தில் 32.3இலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. நோயாளிகளோ மூப்படைந்துகொண்டே போகிறார்கள். 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். ஆக, தமிழில் மட்டும் தம் உடம்பைச் சொல்லத் தெரிந்த மூத்தோரும், ஆங்கிலத்தில் மட்டும் உடம்பைப் படித்த இளையோரும் ஒரே கட்டிலின் இரு பக்கங்களில் இருக்கிறார்கள்.

இரண்டாண்டுக்கு முன்பு என் தாயார் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது இதை நேரில் பார்த்தேன். பணிவான, அக்கறையுள்ள ஒரு மாணவர் வந்தார். தமிழ் இளையர்தான்; பள்ளியில் தமிழ் படித்தவர். “பாட்டி, நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டார். “வலியெல்லாம் இல்லப்பா,” என்றார் அம்மா. அவர் ஐபேடில் ‘இல்லை’ என்பதைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அம்மா சொன்னது உண்மைதான், அவருக்கு வலிக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரவு என்னிடம், “நெஞ்சைப் போட்டுப் பிசையுதுடா, வாயு பிடிச்சிருக்கு போல,” என்று சொல்லியிருந்தார். நம் வீடுகளில் நெஞ்சு வலிப்பதற்கு முன் அடைக்கும், கரிக்கும், பிசையும், இறுக்கும், குத்தும். அழுத்தம் என்று வந்தால் அதற்கு வாயு என்று பெயர் வைத்து, ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். மாரடைப்பு பலருக்கு வலியாக வராமல் இறுக்கமாகவும் கனமாகவும் வருகிறது என்பது அந்த மாணவருக்குப் பாடப்புத்தகத்தில் நன்றாகவே தெரிந்திருக்கும். அந்த இறுக்கம் தமிழில் எந்தச் சொல்லை உடுத்திக்கொண்டு வரும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அன்று நான் குறுக்கிட்டுச் சொன்னேன். உடனே ஈசிஜி எடுத்தார்கள். பெரிய பாதிப்பு இல்லை.

‘மயக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அறை சுற்றுவதும் மயக்கம். எழுந்தால் கண் இருட்டுவதும் மயக்கம். நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம். மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் கிடப்பதும் மயக்கம். மருத்துவத்தில் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு பாதைகள்: முதலாவது காதின் சமநிலை உறுப்புக்கோ மூளைக்கோ கொண்டுபோகும், இரண்டாவது இரத்த அழுத்தத்துக்கு, மூன்றாவது இதயத்துக்கோ வலிப்புக்கோ, நான்காவது மருந்துச் சீட்டுக்கு. மொழிபெயர்ப்புச் செயலி இந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடும். ‘எப்படி மயக்கம் பாட்டி? சுத்துதா, இருட்டுதா?’ என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் பாதை பிரியும்.

இங்கே பெரியப்பாவின் தலைமுறைக்கு ஒரு பலம் இருந்தது. அவர்கள் தமிழ், மலாய், ஹொக்கியன் என்று வார்டில் கேட்டதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். தாதியிடமும் பக்கத்துக் கட்டில்காரரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் இளைய தலைமுறை மொழியை அலட்சியப்படுத்துகிறது என்று சொல்வதும் நியாயமில்லை. 2020இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தொற்று பரவியபோது, மருத்துவம் படித்து முடித்திருந்த ஓர் இளம்பெண், வங்காளம் பேசும் ஊழியர்களிடம் மருத்துவக் குழுக்கள் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத்திலும் ஒலியிலும் தரும் ஓர் இணையத்தளத்தைச் சில நாள்களில் உருவாக்கினார். முழு உடல் மறைப்பு அணிந்து வியர்த்துக்கொண்டு நின்ற மருத்துவரும், பயந்துபோயிருந்த ஊழியரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அது உதவியது. தொழில்நுட்பம் கட்டிலோரத்தை நோக்கித் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அதுதான். சட்டைப்பையில் அடங்கும் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவியும் அத்தகையதே. இதய வால்வு அசைவதை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கும்போது, மருத்துவர் அவரை விட்டு விலக வேண்டியதில்லை. இதைப் பல இடங்களில் இளையவர்கள் மூத்தவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள்.

உடற்கூறியல் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். சிங்கப்பூரில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவர் தம் உடலைக் கல்விக்காகக் கொடையளிக்கலாம். அப்படிக் கொடுத்தவர்களைத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘மௌன ஆசான்கள்’ என்று அழைக்கிறார்கள். லீ கொங் சியான் பள்ளி, பதப்படுத்திக் கெட்டியாக்கிய உறுப்புகளையும் மேசை வடிவிலான பெரிய தொடுதிரையையும் கொண்டு உடற்கூறியலைக் கற்பித்தது. தொடுதிரையில் ஒரு நரம்பை ஆயிரம் முறை வெட்டி ஆயிரம் முறை ஒட்டலாம். ஆனால் ஒரு மனிதர் தம்மையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்ற எண்ணத்தோடு முதல்முறை கத்தியைப் பிடிக்கும்போது மாணவருக்குள் ஏற்படும் அடக்கத்தை எந்தத் திரையும் தராது என்பது என் எண்ணம். இதில் நான் பெரியப்பாவின் பக்கம்.

இனிச் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த சில மாதங்களுக்குள், அது அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஏறக்குறையத் தேர்ச்சி நிலையைத் தொட்டதாக ஆய்வு வெளியானது. விடை தெரிந்திருப்பதே படிப்பு என்று நினைத்த எல்லாருக்கும் அது ஓர் அதிர்ச்சி. ஆனால் தலைமுறைப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான செய்தி 2025இல் போலந்திலிருந்து வந்தது. பெருங்குடல் உள்நோக்கியில் கட்டிகளைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவி சில மையங்களில் புழக்கத்துக்கு வந்தது. அது வந்த பிறகு, கருவியின் துணையில்லாமல் செய்த பரிசோதனைகளில் அதே மருத்துவர்கள் கட்டி கண்டுபிடித்த விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் செய்த அனுபவசாலிகள். இது கவனித்துப் பார்த்துச் சொன்ன ஆய்வுதான். காரணத்தை முடிவாக நிறுவும் சோதனை இல்லை. ஆனாலும் கருவியின் மீது சாய்ந்துகொள்வது வாலிப வயதின் குணம் என்ற எண்ணத்தை அது அசைத்துவிடுகிறது.

மூத்தவர் ஒரு திறமையை இழப்பதற்கும், இளையவர் அதைப் பெறாமலே போவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. இழந்தவருக்கு எதை இழந்தோம் என்று தெரியும். ஒரு வாரம் கருவியை அணைத்துவைத்துப் பழகினால் பெரும்பகுதி திரும்பி வரலாம். ஒருபோதும் தம் கண்ணால் மட்டும் தேடிப் பழகாதவருக்கு, கருவி தவறாகச் சொல்லும்போது அது தவறு என்று சொல்ல எந்த அடிப்படையும் இருக்காது. ஆகவே மாணவர் முதலில் தாமே நோயாளியைக் கேட்டு, பார்த்து, தொட்டு, தம் முடிவை எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகே கருவியைக் கேட்க வேண்டும் என்ற வரிசையை ஆசிரியர்கள் கட்டாயமாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நேரம் அதிகம் பிடிக்கும். அந்த நேரத்தை மருத்துவமனைகள் ஒதுக்கித் தர வேண்டும்; அதை மாணவரின் ஆர்வத்தின் தலையிலும் ஆசிரியரின் நல்லெண்ணத்தின் தலையிலும் கட்டிவிட்டுப் போகக் கூடாது.

தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களில் எங்கள் பேத்தி ஆன்கியில் புதிதாக ஓர் அட்டைக்கட்டைத் தொடங்கியிருக்கிறாள். முன்பக்கம் தமிழ்ச் சொல், பின்பக்கம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் அட்டை ‘மயக்கம்’. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொள்கிறாள்: உளைச்சல், குடைச்சல், நமநமப்பு, உப்புசம், எதுக்களிப்பு, கிறுகிறுப்பு. சில சொற்களுக்கு அவரே எழுந்து நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. போன வாரம் ‘படபடப்பு’ என்ற சொல்லில் வந்து நின்றார்கள். அது இதயத்துக் கட்டில் சேர வேண்டும் என்றாள் பேத்தி. மனக்கவலைக் கட்டில் சேர வேண்டும் என்றார் பெரியப்பா. என் தாயாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “ரெண்டும்தான், அது எப்ப வருதுங்கறதைப் பொறுத்து,” என்றார் அம்மா. அட்டையின் பின்பக்கத்தில் இப்போது ‘எப்போது வருகிறது?’ என்று இருக்கிறது.